ஆணைக் கிட்டவே விடாத பெட்டை முயல்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சோவியத் சின்சில்லா முயல் மூன்று வளர்க்கிறேன். இரண்டு பெட்டை, ஒரு ஆண். போன தீபாவளி கழிந்து மூன்று மாதக் குட்டிகளாகத் திண்டுக்கல் பக்கமிருந்து வாங்கி வந்தது. இரண்டு பெட்டையில் பெரியது முதல் ஈற்று ஈனுவதற்குள் நான் பட்டதை விவரமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் அப்போது நான் யாரைக் கேட்டாலும் "பிடிச்சு விடு தம்பி, ரெண்டு தரம் விட்டா பழகிடும்" என்றுதான் சொன்னார்கள். அது தப்பு என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

பங்குனியில் அதற்கு ஏழு மாதம். இந்த இனத்துக்கு ஐந்தாறு மாதமே போதும் என்பதால் தைரியமாக ஆணைத் தூக்கி அதன் கூண்டுக்குள் விட்டேன். விட்ட நிமிஷமே உறுமிக்கொண்டு பாய்ந்து ஆணின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டது. பெட்டை தன் கூண்டுக்குள் வேறு முயலை விடாது, அதனால் எப்போதும் பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் அப்படிச் செய்தேன். மூலையில் போய்ப் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தி, வாலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது, அரை மணி நேரம் அசையவில்லை. ஐந்து நிமிஷத்தில் நடக்கவில்லை என்றால் எடுத்துவிட வேண்டுமாம், அதுவும் எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னபடி, ஒரு கையால் கழுத்துத் தோலைப் பிடித்து, மறு கையை அடிவயிற்றில் கொடுத்துத் தூக்கிக் காட்டினேன். ஆண் ஏறி, ஒரு சத்தம் போட்டுப் பக்கவாட்டில் விழுந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். 35 நாள் காத்திருந்தும் குட்டி இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் கூண்டுக்குள் கையை விட்டாலே நடுங்க ஆரம்பித்தது, பாருங்கள், அதுதான் இன்றைக்கும் மனசைப் பிசைகிறது. இனி யார் சொன்னாலும் பிடித்து விடமாட்டேன்.

சித்திரை கடைசியில் காரைக்குடியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் அதை மடியில் மல்லாக்கப் போட்டு, இரண்டு விரலால் மெல்ல விலக்கிப் பிறப்புறுப்பைக் காட்டினார். வெளுத்துக் காய்ந்து இருந்தது. "இந்த நிறத்துல இருந்தா விடவே விடாது. செவசெவன்னு ஈரமா, கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கணும், அப்ப கொண்டுபோங்க" என்றார். மாடு மாதிரி 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிற கணக்கு முயலுக்குக் கிடையாது. சேர்ந்த பிறகுதான், அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில், கருமுட்டையே வெளியே வரும். மற்றபடி பெரும்பாலான நாள் ஏற்கும், இடையில் சில நாள் ஏற்காது. எங்களுடையது எந்த நாளும் ஏற்காததற்குக் காரணம் வேறு. தராசில் வைத்தால் 4 கிலோ 600. அப்பத்தா மிச்சப் பணியாரம், ஊறிய அரிசி, கடலைப் பிண்ணாக்கு என்று நேரத்துக்கு ஒன்றாகக் கொடுத்துச் செல்லமாக வளர்த்திருந்தார்கள். கொழுப்பு கூடினால் பருவம் மங்கிப்போகும் என்று மருத்துவர் சொன்னதை அப்பத்தாவிடம் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருந்தது. "அப்படியா அய்யா, எனக்குத் தெரியாதே" என்றவர்கள், மறுநாளிலிருந்து தானே அகத்தியும் வேலிமசாலும் அறுத்து வந்து போட்டார்கள். அடர்தீவனம் நாளைக்கு 100 கிராம், அதற்கு மேல் இல்லை. பட்டினி போடவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக 3 கிலோ 800க்கு வந்தது.

அடுத்து வெயில். கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, அங்கே முயலும் வளர்க்கிறார்கள். அந்தக் குளிர் எங்கே, கத்திரியில் 39, 40 அடிக்கிற நம் ஊர் எங்கே? 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குத் தவிப்புதான். ஆகவே பெட்டை இரண்டையும் தகரக் கொட்டகையிலிருந்து எடுத்து, பின்கட்டில் பழைய சாமான் அறைக்கு மாற்றினேன். நம் பக்கத்து வீடுகளின் சுவர்க் கனம் உங்களுக்குத் தெரியும், உள்ளே போனால் ஜில்லென்று இருக்கும். ஆனால் ஒற்றை ஜன்னல், மத்தியானமே இருட்டு. எடை குறைந்தும் நிறம் வெளுப்பாகவே இருந்ததற்கு அந்த இருட்டுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது. ஒரு நாளில் 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் வேண்டும். காலை ஐந்தரைக்குப் போட்டு ராத்திரி எட்டுக்கு அணைக்கிற மாதிரி ஒரு எல்இடி பல்பு மாட்டினேன். பத்தாம் நாள் பார்த்தால் நல்ல ரோஜா நிறம்.

தேவகோட்டை அண்ணன் ஒருத்தர் தன் பெட்டையைக் கூடையில் வைத்து வண்டியில் வேறு ஊருக்குக் கொண்டுபோனதாகவும், இறக்கிவிட்ட உடனே ஆணை ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னார். அதையும் செய்தேன். ராத்திரி பெட்டையை ஆணின் கூண்டிலும், ஆணைப் பெட்டையின் கூண்டிலும் மாற்றிப் போட்டு, விடியற்காலையில் கோட்டையூர் வரை ஒரு சுற்று போய் வந்து ஆணிடம் விட்டேன். இந்தத் தடவை ஓடவில்லை. உடம்பை நீட்டி, தானாகவே பின்பக்கத்தைத் தூக்கி வாலை விலக்கியது. கூண்டு மாற்றமா, வண்டிச் சவாரியா, எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அதிலும் குட்டி இல்லை! 13ஆம் நாள் வயிற்றைத் தடவினால் திராட்சை மாதிரி உருண்டைகள் தட்டுப்பட வேண்டும், ஒன்றும் இல்லை. 17ஆம் நாள் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டியது. பொய்ச் சினை. தவறு பெட்டையிடம் இல்லை. இடமில்லை என்று ஆணை மட்டும் தகரக் கொட்டகையிலேயே விட்டிருந்தேன், கோடை வெயிலில் அதன் விந்து கெட்டுப்போயிருக்கிறது. அது தேறச் சுமார் இரண்டு மாதம் ஆகும் என்றார் மருத்துவர். ஆணையும் உள்ளே கொண்டுவந்து, ஆடி முழுக்கவும் ஆவணியில் பாதியும் பொறுத்திருந்தேன்.

ஆவணிக் கடைசியில் நிறம் பார்த்து விட்டேன், இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. 28ஆம் நாள் குட்டி போடுவதற்குப் பெட்டி வைத்தேன். 31ஆம் நாள் விடியற்காலை அப்பத்தாதான் முதலில் பார்த்து என்னை எழுப்பினார்கள், ரோமத்துக்குள் ஏழு குட்டி, ஏழும் உயிரோடு.

சின்னப் பெட்டையை இன்னும் ஆணிடம் காட்டவில்லை. இன்று காலை பார்த்தேன், வெளுப்பாகத்தான் இருக்கிறது. நாலு நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.