மூலான் ரூஜ்: புகழ் யாருடையது?

செம்பருத்தி:
2024 ஏப்ரல் 25 அதிகாலையில் பாரிஸ் மூலான் ரூஜ் நடன அரங்கின் காற்றாலை இறக்கைகள் கழன்று விழுந்தன. ஜூலையில் புதியவை மாட்டிவிட்டார்கள். அப்போது நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் ஒரே வரலாறுதான்: 1889 அக்டோபர் 6 அன்று ஒல்லெர், சிட்லர் என்ற இரு முதலாளிகள் திறந்தார்கள், ஓவியர் துலூஸ் லோத்ரெக் சுவரொட்டி வரைந்தார். ஆடிய பெண்களுக்கு ஒரே வரி. இது அநியாயம். லூயிஸ் வெபர் என்ற சலவைத் தொழிலாளிப் பெண்ணைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. காலை வீசி எதிரே நிற்பவரின் தொப்பியைத் தட்டிவிடுவாள். மேசைகளைத் தாண்டும்போது அடுத்தவர் கோப்பையை எடுத்துக் காலி செய்துவிடுவாள். ‘லா கூலூ’, அதாவது பெருந்தீனிக்காரி என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

தெற்குவாசல்:
அவர் திறமையை யார் மறுத்தார்கள்? ஆனால் கான்கான் என்ற அந்தக் கால்வீச்சு ஆட்டம் 1830களிலேயே பாரிஸ் நடனக் கூடங்களில் இருந்தது. லா கூலூவும் இங்கே வருவதற்கு முன்பே வேறு கூடங்களில் ஆடிப் பெயர் வாங்கியவர். அப்புறம் ஏன் இந்த ஒரு அரங்கு மட்டும் உலகப் புகழ் பெற்றது? ஈஃபில் கோபுரத்தைப் பார்க்க ஊரே திரண்ட உலகக் கண்காட்சி ஆண்டு அது. மொன்மார்த்ர் குன்றின் அடிவாரத்தில், மாவே அரைக்காத ஒரு சிவப்புக் காற்றாலை. தோட்டத்தில் பிரம்மாண்டமான யானை. இதெல்லாம் முதலாளிகளின் மூளை.

பழையபுத்தகம்:
1891இல் வந்த அந்தச் சுவரொட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பின்னால் நிற்கும் கனவான்கள் வெறும் கறுப்பு நிழல்கள். முன்னால் ஆடும், லா கூலூவின் நடன ஜோடி வாலந்தேனும் சாம்பல் நிழல்தான். வெளிச்சம் முழுவதும் நடுவில், புள்ளி போட்ட சட்டையும் வெள்ளை உள்பாவாடையுமாக இருக்கும் லா கூலூ மேல். முதலாளி எங்கே? லோத்ரெக்குக்குத் தெரிந்திருக்கிறது.

செம்பருத்தி:
அதைத்தான் சொல்கிறேன். 1895இல் அவள் விலகிச் சந்தைக் கொட்டகை போட்டபோது, அதன் முகப்புக்கு லோத்ரெக்தான் இரண்டு பெரிய திரைகள் வரைந்து கொடுத்தார். அவை இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவளோ கடைசிக் காலத்தில் அதே மூலான் ரூஜ் பக்கத்துத் தெருவில் வேர்க்கடலை விற்று, 1929இல் ஏழையாகச் செத்தாள்.

தெற்குவாசல்:
படிக்கவே மனசு கனக்கிறது. ஆனாலும் அவர் தானாக விலகியவர். சொந்தத் தொழில் நொடித்ததற்கு அரங்கு எப்படிப் பொறுப்பு? அங்கே ஆடிய இன்னொரு பெண், ழான் அவ்ரிலைப் பாருங்கள். சிறுவயதில் சால்பெத்ரியேர் மனநோய் மருத்துவமனையில் கிடந்த பெண்ணுக்கு இந்த மேடைதான் வாழ்க்கை கொடுத்தது. 1915இல் தீயில் எரிந்தும் அரங்கு மீண்டு வந்தது. இறகு வேலைக்கும் காலணிக்கும் இருந்த பழைய பட்டறைகளை அரங்கே வாங்கி, அந்தக் கைத்தொழில்கள் அழியாமல் நடத்துகிறது. நிறுவனம் இல்லாமல் இது நடக்குமா?

செம்பருத்தி:
சரி, பட்டறை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் தானாக விலகினாள் என்பதோடு கணக்கு முடிந்துவிடுமா? அவள் உடல் எச்சங்களை மொன்மார்த்ர் கல்லறைக்குக் கொண்டுவர 1992 ஆனது. கல்லில் ‘பிரெஞ்சு கான்கானைப் படைத்தவர்’ என்று பொறித்திருக்கிறார்கள்.

தெற்குவாசல்:
‘படைத்தவர்’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1830களில் ஆடிய பெயர் தெரியாத பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு.

செம்பருத்தி:
அப்படியானால் நீங்களும் ஆடியவர்கள் பக்கம் வந்துவிட்டீர்கள், நண்பரே.