படம் வாங்கியவர் யாரென்று ஓவியருக்குச் சொல்ல வேண்டுமா?

வண்ணத்தட்டு:

வணக்கம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து ஓவியர்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன விற்பனைத் தளம் தொடங்குகிறோம். கேன்வாஸ், காகித ஓவியம், எண்ணிட்ட அச்சுப் பிரதிகள். விலை 2,500 ரூபாயில் தொடங்கி 80,000 வரை. பணம் தளத்தின் கணக்குக்கு வரும். கமிஷன் போக மீதி ஓவியருக்கு. பேக்கிங் அவரவர் வீட்டில்.

தகராறு ஒரே இடத்தில்தான். பாதிப் பேர் வாங்குபவரின் பெயர், போன் நம்பர், முகவரி மூன்றும் தங்களுக்கு வேண்டும் என்கிறார்கள். "என் படம் எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாதா?" என்பது அவர்கள் கேள்வி. மீதிப் பேர் அந்த விவரம் தளத்தைத் தாண்டவே கூடாது என்கிறார்கள். அப்படிப் பூட்டி வைத்தால் அடுத்த கண்காட்சிக்கு யாரை அழைப்பது? எதை, எப்போது, எப்படிக் கொடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கித்தான்:

முதலில் ஒரு விஷயம். பேக்கிங் ஓவியர் வீட்டில் என்றால் முகவரி ஏற்கெனவே அவர் கைக்குப் போய்விட்டது. கூரியர் லேபிளில் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அச்சாகி வரும். "உங்கள் விவரத்தை ஓவியருக்குக் கொடுக்க மாட்டோம்" என்று தளத்தில் எழுதிவிட்டு லேபிள் பிடிஎஃப்-ஐ வாட்ஸ்அப்பில் ஓவியருக்கு அனுப்பினால் அது பொய் வாக்குறுதி. அந்தப் பிடிஎஃப் அவர் போனில் கிடக்கும், பேக்கப்பில் ஏறும், ஆறு மாதம் கழித்தும் தேடினால் கிடைக்கும்.

வழி இரண்டு. ஒன்று, புதுச்சேரியில் ஓரிடம், கடலூரில் ஓரிடம் என்று பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் படத்தைச் சுற்றி, வெளியே ஆர்டர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். லேபிள் ஒட்டுவது அங்கே இருப்பவர் வேலை. இரண்டு, ஓவியரே அனுப்புவார் என்றால் அதை ஒளிக்காமல் வாங்குபவரிடம் சொல்லுங்கள்: "பார்சல் அனுப்புவதற்காக மட்டும் ஓவியர் உங்கள் முகவரியைப் பார்ப்பார்." லேபிளை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், லாகின் செய்து அச்செடுக்கும்படி வையுங்கள்; பார்சல் சேர்ந்து, திருப்பி அனுப்பும் கெடுவும் கூரியர் இழப்பீடு கேட்கும் கெடுவும் முடிந்ததும் அந்த இணைப்பு தானாகச் செத்துப்போக வேண்டும். முகவரி தெரிவதால் அதற்குக் கடிதம் எழுதும் உரிமை வந்துவிடாது. கைவினைப் பொருள்கள் விற்கும் இணையச் சந்தையான எட்சியிலும் இதே விதிதான். விற்பவருக்கு முகவரி தெரியும்; ஆனால் வாங்கியவர் வாய்விட்டுச் சம்மதிக்காமல் அவரை மெயில் பட்டியலில் சேர்க்க முடியாது. அமேசான் ஒரு படி மேலே போய், வாங்குபவரின் மெயில் முகவரிக்குப் பதிலாக ஒரு முகமூடி முகவரியைத்தான் விற்பவருக்குக் காட்டும்.

இனி உறவு. நீங்கள் வாங்கியவரின் விலாசத்தை ஓவியரிடம் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள். திருப்பிப் போடுங்கள்: ஓவியரிடம் வரும் வழியை வாங்கியவர் கையில் கொடுங்கள். பார்சலுக்குள் ஒரு அட்டை, அதில் ஓவியத்தின் எண், ஒரு க்யூஆர் கோடு, பராமரிப்புக் குறிப்பு. நம் கடற்கரைக்குப் பராமரிப்புக் குறிப்பு சும்மா மரியாதைக்கு அல்ல. உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். குளியலறையை ஒட்டிய சுவரிலும் மழைச் சாரல் அடிக்கும் வெளிச் சுவரிலும் மாட்டாதீர்கள், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வர நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூஞ்சை தெரிந்தால் தேய்ப்பதற்கு முன் எங்களிடம் கேளுங்கள். இவ்வளவு போதும். கடைசி வரிக்காகவே பலர் எழுதுவார்கள், அதுவும் அவர்களாக.

பில்புக்:

கணக்குப் பக்கத்தைச் சொல்கிறேன். பில் யார் பெயரில் என்பதை முடிவு செய்யாமல் தனியுரிமை பேசுவதில் பயனில்லை. தளமே ஓவியரிடம் வாங்கி விற்றால் பில் தளத்தின் பெயரில். ஓவியருக்கு வாங்குபவர் யாரென்றே தெரிய வேண்டியதில்லை. ஓவியர்தான் விற்பவர், தளம் இடத்தரகர் என்றால் பில் ஓவியர் பெயரில். ஜிஎஸ்டி பதிவுள்ள ஓவியர் 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ விற்றால், பதிவில்லாத வாங்குபவராக இருந்தாலும் பெயர், முகவரி, மாநிலம் பில்லில் வந்தாக வேண்டும். உங்கள் 80,000 ரூபாய்ப் படத்தை ஓவியர் பெயரில் விற்றுவிட்டு வாங்கியவர் பெயரை ஓவியரிடமிருந்து மறைக்க முடியாது.

இன்னொன்று, புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி மறப்பது: அங்கிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போய்விடலாம், ஆனால் பில்லில் அது மாநிலம் விட்டு மாநிலம். பதிவில்லாத ஓவியர் தளம் வழியாக எல்லை தாண்டி விற்கும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"எல்லா விவரத்தையும் 30 நாளில் அழித்துவிடுவோம்" என்றும் எழுதிவிடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில் கணக்குப் புத்தகத்தில் இருக்கும்; லேபிள், சாட், போன் நம்பர் போகும். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண்ணைத் தளம் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். எதிர்த்திசையில் அப்படி எதுவும் இல்லை. வாங்குபவர் தரப்பில் இருப்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். சம்மதம் தனியாக, தெளிவாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் பக்கம் வைத்து யூரோவில் விலை போட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரும் உங்கள் வாசலுக்கு வரும்.

நெய்தல்_கரை:

இதுவரை எழுதியவர்கள் வாங்குபவர் பக்கமே நிற்கிறீர்கள். தனியுரிமை என்ற பெயரில் பல தளங்கள் காப்பது தங்கள் கமிஷனைத்தான். வாங்கியவரின் விவரம் தளத்திடம் முழுதாக இருக்கும், அதை வைத்துத் தளம் வாராவாரம் மெயில் அனுப்பும். படம் வரைந்தவருக்கு மட்டும் கதவு அடைப்பு. இது தனியுரிமை இல்லை, வேலி. உங்கள் தளத்தில் ஓவியருக்கு என்ன தடையோ அதே தடை தளத்துக்கும் என்று எழுதி வையுங்கள்.

ஓவியருக்குத் தொடர்பு தேவைப்படுவது பாசத்தால் மட்டும் இல்லை. பிற்காலத்தில் முழுத் தொகுப்புக் கண்காட்சி வைத்தால் படத்தை இரவல் கேட்க வேண்டும். கிழிந்தால் சரிசெய்ய எந்தச் சாயம், எந்த வார்னிஷ் என்று சொல்ல வேண்டும். போலி வந்தால் அசல் எங்கே என்று காட்ட வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு இன்னொரு காரணம்: அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு, உச்சவரம்பு 10 சதவீதம். மறுவிற்பனை நடந்ததே தெரியாவிட்டால் எதைக் கேட்பது?

ஆனால் இதற்கெல்லாம் வாங்கியவரின் வீட்டு விலாசம் தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படத்தின் எண் போதும். அசல் சான்றிதழை அடிக்கட்டையோடு அச்சிடுங்கள். தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, எண், கையெழுத்து எல்லாம் சான்றிதழிலும் வேண்டும், அடிக்கட்டையிலும் வேண்டும். உரிமையாளர் பெயருக்கான கோட்டை வெறுமையாக விடுங்கள். விரும்பினால் அவரே நிரப்பிக்கொள்வார். அதே எண்ணைப் படத்தின் பின்னால், கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்ட்ரெச்சர் கட்டையில் பென்சிலால் எழுதுங்கள். கேன்வாஸின் முதுகில் பால்பாயின்ட் வைத்து அழுத்தாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். க்யூஆர் ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம்: ஈரத்தில் பசை விடும், இங்க்ஜெட் மை கலங்கும், தளத்தின் டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் கோடு எங்கேயும் போகாது. எண் கட்டையில் இருந்தால் படம் மூன்றாவது கைக்குப் போனாலும், வைத்திருப்பவர் "எண் இது, என்னிடம் இருக்கிறது" என்று எழுத முடியும். தன் பெயரைக்கூட அவர் சொல்ல வேண்டாம்.

வண்ணத்தட்டு:

நிறையத் தெளிந்தது, நன்றி. இன்னும் மூன்று. சம்மதத்தை எந்தக் கட்டத்தில் கேட்பது? வாங்கியவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், சரியா? தளம் வழியே மெயில் கைமாற்றுவது எங்களால் முடிகிற வேலையா?

கித்தான்:

குரூப் வேண்டவே வேண்டாம். குரூப்பில் சேர்ந்த ஒவ்வொருவரின் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்டில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரைதான். கண்காட்சி அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் நல்லது. பின்தொடர்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

சம்மதத்தைப் பணம் கட்டும் பக்கத்தில் கேட்காதீர்கள். அங்கே மக்கள் படிக்காமல் டிக் போடுவார்கள், அல்லது பயந்து வெளியேறுவார்கள். பார்சல் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு மெயில்: "ஓவியரிடமிருந்து செய்தி வரலாமா?" பதிலுக்கு மூன்று பெட்டி: "தளம் வழியாக மட்டும்", "நேரடியாக என் மெயிலுக்கு", "வேண்டாம்". எந்தப் பெட்டியிலும் முன்கூட்டியே டிக் இருக்கக் கூடாது. பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று பொருள். மறுபடி கேட்கக் கூடாது. எந்த வாசகத்துக்கு, எந்தத் தேதியில் சம்மதித்தார் என்று பதிந்து வையுங்கள், வாசகத்தைப் பிறகு மாற்றுவீர்கள்.

மெயில் கைமாற்றம்: மாதம் பத்திருபது விற்பனைக்கு மென்பொருள் எழுத வேண்டாம். ஒரு பொது மெயில் பெட்டி, பொறுப்பாக ஒருவர். வந்ததை ஃபார்வர்ட் செய்யாமல், செய்தியை மட்டும் நகலெடுத்துப் புது மெயிலாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்வர்ட் செய்தால் பழைய முகவரி கீழே ஒட்டிக்கொண்டே போகும். கையொப்ப வரியில் போன் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். பின்னால் தானியங்கியாக்கினால், அனுப்புநர் இடத்தில் வாங்கியவரின் ஜிமெயிலையே விடாதீர்கள். உங்கள் சர்வரிலிருந்து அவர் பெயரில் போகும் மெயில், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தோற்று ஸ்பாமில் விழும். தளத்தின் முகவரியிலிருந்து அனுப்பி, பதில் முகவரியில் ஆர்டர் எண் வரும்படி வையுங்கள்.

நெய்தல்_கரை:

இரண்டு சேர்க்கை. பரிசாக வாங்குபவர்கள் நிறைய வருவார்கள். பார்சல் போகும் முகவரி வேறொருவருடையது. அவர் உங்களிடம் எதற்கும் சம்மதிக்கவில்லை. அந்த முகவரிக்கு நன்றிக் கடிதமோ விலை போட்ட பில்லோ போகக் கூடாது. ஆர்டர் படிவத்தில் "இது பரிசு" என்று ஒரு பெட்டி வையுங்கள்.

சுவரில் மாட்டிய படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது ஓவியர்களுக்குப் பிடித்த வழக்கம். மெயிலுக்குக் கொடுத்த சம்மதம் இதற்குச் செல்லாது, தனியாகக் கேளுங்கள். மெயிலில் அசலாகவோ வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவோ வந்தால் போட்டோவுக்குள் வீட்டின் ஜிபிஎஸ் இருக்கக்கூடும். தளத்தில் ஏற்றும் முன் அதை நீக்கி, படமும் கொஞ்சம் சுவரும் மட்டும் தெரியும்படி வெட்டுங்கள். பெயர் போடவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். "லாஸ்பேட்டை டாக்டர் வீட்டில்" என்று எழுதினாலே நம் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும்.

பில்புக்:

ஓவியரின் தனியுரிமையை யாரும் பேசவில்லை. அனுப்புநர் முகவரியாக வீட்டு விலாசம் ஒவ்வொரு பார்சலிலும் போகிறது. தனியாக இருக்கும் பெண் ஓவியர்கள் அதைப் பொதுவிடத்தின் விலாசமாக மாற்றிக்கொள்ளட்டும். பணத்தைத் தளம் வாங்காமல் யுபிஐ-யில் நேரடியாக வாங்கினால் இரு பக்கமும் பெயர் தெரியும், பலருக்கு யுபிஐ ஐடியே போன் நம்பர்தான். பணம் தளத்தின் கணக்குக்கே வரும் ஏற்பாட்டை மாற்றாதீர்கள்.

கமிஷனைத் தவிர்த்து நேரடியாக விற்பதைப் பூட்டுப் போட்டுத் தடுக்க முடியாது. முதல் விற்பனைக்கு 25 சதவீதம் வைத்தால், அதே வாங்குபவர் அதே ஓவியரிடம் ஓராண்டுக்குள் மறுபடி வாங்கும்போது 10 ஆக்குங்கள். பில், பேக்கிங், கூரியர் தொல்லையைத் தளம் பார்த்துக்கொள்ளும் என்றால் 10 சதவீதத்துக்காக யாரும் ஒளிந்து விற்கப் போவதில்லை.