1991-ல் பிறந்தவள், மணல்வாரி ஊசி இன்னும் போடணுமா?

மார்த்தாண்டம்_நர்ஸ்:
நாகர்கோவிலில் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனி வேலைக்குப் பேப்பர் ஓடுகிறது, அங்கே மணல்வாரி (தட்டம்மை) ஊசிக்குச் சான்று கேட்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால் "எல்லா ஊசியும் போட்டாச்சு மக்களே, கையில தழும்பு பாரு" என்கிறார். தகரப் பெட்டி முழுக்கத் துழாவியதில் ஞானஸ்நானச் சீட்டுதான் கிடைத்தது, ஊசி அட்டை இல்லை. புதிதாகப் போடவா, ரத்தப் பரிசோதனை போதுமா?

குளச்சல்_அண்ணன்:
தங்கச்சி, அந்தத் தழும்பு காசநோய்க்குப் போடும் பிசிஜி ஊசியுடையது, மணல்வாரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மணல்வாரி ஊசி அரசுத் திட்டத்தில் வந்ததே 1985-ல்தான், அதுவும் ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு டோஸ். இரண்டாவது டோஸ் 2010-க்குப் பிறகு வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் போட்டார்களே, அது 15 வயது வரைக்கும்தான், நம்ம வயசுக்காரர்கள் அதிலும் விடுபட்டுவிட்டோம். ஒரு டோஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குப் பாதுகாப்பு, இரண்டு என்றால் 97. சாதாரண ஆளுக்கு அது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம், ஆனால் வார்டில் நிற்கிற உனக்கு அப்படி இல்லை, நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி காற்றில் இருக்கும்.

தக்கலை_அக்கா:
ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து சட்டமே இருக்கிறது. 1970-க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க இரண்டு டோஸ் காட்டணும், இல்லையென்றால் எதிர்ப்புசக்தி இருப்பதற்கு ரத்தப் பரிசோதனை ரிசல்ட் காட்டணும். பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால் எப்படியும் ஊசிதான், அதனால் நேராக எம்எம்ஆர் (மணல்வாரி, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி) போடுவதே நல்லது என்பேன். ஏற்கெனவே எதிர்ப்புசக்தி இருந்தாலும் கூடுதல் டோஸால் கெடுதல் கிடையாது. இரண்டு டோஸுக்கும் நடுவில் குறைந்தது 28 நாள் விடணும். ஒன்று முக்கியம்: இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி, கர்ப்பமாக இருந்தால் போடவே கூடாது, போட்ட பிறகும் ஒரு மாசம் கர்ப்பத்தைத் தள்ளிப் போடணும். எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஆகாது.

மார்த்தாண்டம்_நர்ஸ்:
சரி அக்கா, இந்த வாரமே முதல் டோஸ் போட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு 62 வயசு, சின்னதில் மணல்வாரி வந்து வேப்பிலையில் படுத்திருந்தாராம். அவருக்கும் வேணுமா?

தக்கலை_அக்கா:
வந்தது மணல்வாரிதான் என்றால் வேண்டாம், ஆயுசுக்கும் மறுபடி வராது. உன் அட்டையில் ஒவ்வொரு டோஸுக்கும் தேதி, பேட்ச் நம்பர், டாக்டர் சீல் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்கு.