ஜெஃப் பெக், மேயால், ஓஸி... யாரை மொதல்ல கேக்குறது?

தெப்பக்குளத்தான்: அண்ணே, மதுரைலதான் கிடார் கத்துக்குறேன், மாஸ்டர் எப்பப் பாரு ராஜா சார் பாட்டுதான் வாசிக்கச் சொல்றாரு. சமீபத்துல இறந்துபோன ராக், ப்ளூஸ் ஆளுங்கள்ல யாருகிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்?

கோரிப்பாளையம்காரன்: ஜெஃப் பெக் கேளு தம்பி, இங்கிலாந்து ராக் கிடார்காரரு. 2023 ஜனவரில போய்ச் சேந்தாரு, மூளைக்காய்ச்சல், 78 வயசு. மனுசன் பிக்கே (கம்பியைச் சுண்டுற சின்னத் தகடு) இல்லாம வெறும் விரல்ல வாசிப்பாரு, சுண்டுவிரலு வால்யூம் குமிழ்லயே கெடக்கும், கம்பியைச் சுண்டிட்டு சத்தத்த மெதுவா ஏத்தி, ட்ரெமோலோ கைப்பிடிய அமுக்கி சுரத்த வளைப்பாரு பாரு, அப்டியே நம்ம கமகம் மாதிரி இருக்கும்யா.

திருமங்கலத்தான்: அதெல்லாம் சரிண்ணே, ப்ளூஸ் ஆளு ஜான் மேயால விட்டுட்டீங்களே! 2024 ஜூலை 22ல போயிட்டாரு, 90 வயசு. எரிக் க்ளாப்டன், பீட்டர் க்ரீன், மிக் டெய்லர்னு பெரிய கிடார்காரங்க எல்லாம் அவரு ப்ளூஸ்பிரேக்கர்ஸ் பேண்டுல வாசிச்சவங்கதான், என்னையக் கேட்டா அங்க இருந்துதான் தொடங்கணும். அடுத்த வருசம் அதே ஜூலை 22ல ப்ளாக் சாபத் பேண்டு பாடகர் ஓஸி ஆஸ்போர்னும் போயிட்டாரு, அதுக்கு 17 நாளு முன்னாடிதான் பர்மிங்காம்ல சிம்மாசனத்துல உக்காந்தே பாடுனாரு, பார்க்கின்சன் நோய் வேற. அந்த வீடியோவ என்னால முழுசா பாக்க முடியல.

தெப்பக்குளத்தான்: நன்றிண்ணே. மாஸ்டர்ட்ட சொன்னா திட்டுவாரே?

கோரிப்பாளையம்காரன்: அவர்ட்ட ஏன்டா சொல்ற, ஹெட்போன மாட்டிட்டுக் கேளு.