ஓடும்போதே டீசல் வராமல் நின்றுவிடுகிறது, பம்ப்பை இறக்கலாமா?

டெல்டாக்காரன்:
மன்னார்குடி பக்கம். 3 சிலிண்டர் பழைய டிராக்டர், ரோட்டரி பம்ப் (என்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது). நேற்று சேற்றில் ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ ஆக்சிலேட்டரை மெல்லக் குறைத்த மாதிரி சத்தம் இறங்கி, ரெண்டு தடவை இழுத்து நின்றுவிட்டது. டேங்கில் பாதிக்குக் கொஞ்சம் கீழே டீசல் இருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் பொட்டுப் புகை கிடையாது. ஏர் எடுத்தால் (டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றினால்) ஸ்டார்ட் ஆகிறது, கால் மணி நேரத்தில் மறுபடி அதே கதை. மெக்கானிக் பம்ப் போச்சு, இறக்கணும் என்கிறார். நாற்றுக்கு 25 நாள் ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?

பம்ப்கடை:
மெக்கானிக் சொல்வதில் தப்பில்லை தம்பி. ரோட்டரி பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய். கொஞ்சம் தண்ணீர் போனாலும் உள்ளே தேய்ந்துவிடும். தேய்ந்த பம்ப் சூடானால் பிரஷர் கட்டாது, ஆறினால் ஓடும். வாரம் ஒன்று இப்படி என்னிடம் வருகிறது. இறக்கி டெஸ்ட் பெஞ்சில் போட்டால் தெரிந்துவிடும்.

பழைய டிரைவர்:
அண்ணே, கடை வைத்திருப்பவருக்குப் பம்ப்தான் கண்ணில் படும். புகையே இல்லை என்றால் நாசிலுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு, டீசலே போகவில்லை. ஏர் எடுத்ததும் ஓடுகிறதே, செத்த பம்ப் எப்படி ஓட்டும்? டேங்கில் ஆரம்பித்து முன்னால் வாங்க, பம்ப்பைக் கடைசியில் தொடுங்க.

பம்ப்கடை:
ஏர் எடுக்கிற நேரத்தில் என்ஜின் ஆறிவிடுகிறது, அதனால் ஓடுகிறது. ஏர் எடுத்ததால்தான் ஓடியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பழைய டிரைவர்:
நியாயமான கேள்வி. தம்பி, ராத்திரி முழுக்க ஆறின பிறகு, ஏர் எடுக்காமல் அடித்துப் பார்த்தீர்களா?

டெல்டாக்காரன்:
பார்த்தேன். காலை 6 மணிக்கு மூன்று தடவை அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஃபில்டர் மேலே இருக்கிற போல்ட்டைத் தளர்த்திக் கை பம்ப்பை அடித்தேன், சோப்பு நுரை மாதிரி பொங்கி வந்தது. நுரை நின்று சுத்த டீசல் வந்தபின் முறுக்கினேன், உடனே பிடித்துக்கொண்டது.

பம்ப்கடை:
சரி, அப்படியானால் சூட்டுக் கோளாறு இல்லை. ஆனால் காற்று வருகிறது என்றால் எங்கேயோ ஓட்டை. பைப் இணைப்புகளில் இருக்கிற எல்லா வாஷரையும் மாற்றுங்கள்.

பழைய டிரைவர்:
வாஷர் மாற்றுவது சரிதான், ஆனால் அதுவே முழுக் காரணமாக இருக்காது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் ஃபீட் பம்ப்புக்கு வருகிற பைப்பைக் கழற்றி ஒரு வாளியில் விடுங்கள். டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே தாராளமாகக் கொட்டணும். கொட்டிக்கொண்டே வந்து மெலிந்தால் டேங்க் மூடியைத் திறங்கள். திறந்ததும் வேகம் எடுத்தால் மூடியில் இருக்கும் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. எங்கள் ஊரில் குளவி மண் வைத்து அடைத்து, ஒரு ஆள் ரெண்டு நாள் ஏமாந்தார். மூடி திறந்தும் வேகம் எடுக்காவிட்டால் அடைப்பு டேங்குக்கு உள்ளே.

டெல்டாக்காரன்:
செய்துவிட்டேன். முதலில் நன்றாகக் கொட்டியது, அரை நிமிஷத்தில் நூல் மாதிரி ஆனது. மூடி திறந்தும் மாற்றம் இல்லை. சைக்கிள் பம்ப்பால் பைப்பில் காற்று அடித்தேன், டேங்குக்குள் 'குளுக்' என்றது, பழையபடி கொட்டுகிறது! கோளாறு தீர்ந்தது.

சேத்துவண்டி:
தீரவில்லை நண்பா. ஊதித் தள்ளிய குப்பை டேங்கிலேயேதான் மிதக்கிறது. நாளைக்கு வந்து மறுபடி உட்காரும். டீசலை இறக்கி டேங்கைக் கழுவுங்கள். செல்ஃபையும் பத்து பதினைந்து செகண்டுக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், சூடாகிவிடும். நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும்போது கையை முன்னால் வைக்காதீர்கள். அந்தப் பிரஷருக்கு டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

பம்ப்கடை:
அடைப்பு இருந்தால் டீசல் குறையும், ஒப்புக்கொள்கிறேன். நுரை எப்படி வந்தது?

பழைய டிரைவர்:
அடைப்பு இருந்தால் ஃபீட் பம்ப் வெறும் வாயால் உறிஞ்சுகிறது. டீசல் வராவிட்டால் தளர்ந்த வாஷர் வழியாகக் காற்றை உறிஞ்சும். வெளியே ஒழுகாததால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் இருக்கிறது, நீங்கள் சொன்ன வாஷரும்தான்.

டெல்டாக்காரன்:
டேங்கை இறக்கியாச்சு. டீசல் கேன் மூடிக்குள் இருக்குமே வெள்ளை வட்ட அட்டை, அதில் பாதி கிழிந்து அடியில் கிடந்தது. டீசல் வெளியே போகிற வாயில் ஒட்டிக்கொள்கிற அளவு. வயலில் கேனிலிருந்து ஊற்றியதில் விழுந்திருக்கும். ஃபீட் பம்ப் பைப்புக்குப் புது செம்பு வாஷரும் போட்டேன். நேற்று மதியத்திலிருந்து ஆறு மணி நேரம் ஓடியது.

பம்ப்கடை:
சந்தோஷம். அடிக்கடி ஏர் புகுந்து ஓடிய பம்ப், உழவு முடிந்ததும் ஒரு தடவை கொண்டு வாருங்கள்.

டெல்டாக்காரன்:
அண்ணே, முதலில் நடவு முடியட்டும். இப்போதைக்குப் பத்து ரூபாய்க்கு ஒரு துணி வடிகட்டிதான் வாங்கினேன்.