வேண்டுமென்றே உணவில் எதையாவது கலப்பதை எப்படித் தடுப்பது?

கேள்வி: பழச்சாறு ஆலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். கிருமி, உலோகத் துண்டு இதற்கெல்லாம் ஹேசாப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் யாராவது வேண்டுமென்றே எதையாவது கலந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆடிட்டர் கேட்டதும் முழித்தேன். கேமரா போதுமா?

பதில் 1: போதாது. பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகு பார்க்கத்தான் கேமரா. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2016-ல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது, அதில் நான்கு வேலைகளைக் கவனிக்கச் சொல்கிறார்கள்: திரவத்தை மொத்தமாக ஏற்றி இறக்குவது, தொட்டியில் சேமிப்பது, சிறு சேர்மானங்களைக் கையாள்வது, கலக்குவது. ஒரு கை விஷமம் ஒரு பேட்ச் முழுக்கப் பரவுவது அங்கேதான். மூடிக்குப் பூட்டு, லாரி வால்வில் எண் போட்ட சீல், அந்த எண்ணைச் சரிபார்க்க ஓர் ஆள். வேலி அப்புறம்.

பதில் 2: வேலி உள்ளே இருப்பவரைத் தடுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக எல்லோரையும் திருடனைப் போலப் பார்க்கவும் வேண்டாம், அந்த இடத்தில் இருவராக வேலை செய்ய வைத்தாலே பாதி கவலை தீரும். 1984-ல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் ரஜ்னீஷ் (ஓஷோ) கூட்டத்தார் உணவகங்களின் சாலட் மேசைகளில் சால்மொனெல்லா என்ற கிருமியைக் கலந்து 751 பேர் நோயுற்றார்கள். முதலில் பழி விழுந்தது சமையலறைப் பணியாளர்கள் மேல்!

கேட்டவர்: சரி, இன்று போய்ப் பார்த்தேன். சர்க்கரைப்பாகு தொட்டியின் மூடி திறந்தே கிடக்கிறது, பூட்டு ஆணியில் தொங்குகிறது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.