தம்பிக்கு அவன் மனைவியிடம் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாமா?

பெரம்பூர் செல்வி:
என் தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 43. ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஆபரேட்டராக இருந்தான். இரண்டு கிட்னியும் போய், இப்போது வாரம் மூன்று நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டிருக்கிறார்கள், அந்தக் கையால் எடை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேப்பர் ரீம் தூக்காமல் பிரஸ்ஸில் என்ன வேலை பார்ப்பது? வேலையை விட்டுவிட்டு என் வீட்டில்தான் இருக்கிறான்.

மனைவி சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். பிடித்தம் போக மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வரும். இப்போது விவாகரத்துக்கு மனு போட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவளைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. எட்டு வயது மகளை அவள்தான் வளர்க்கிறாள். ஆனால் வழக்கு முடியும்வரை இவன் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வக்கீல் ஃபீஸுக்கும் அவளிடம் கேட்க சட்டத்தில் இடம் உண்டா? "பொண்டாட்டிகிட்ட ஜீவனாம்சம் கேக்குற ஆம்பளையா நீ" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டதிலிருந்து தம்பி இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கல்யாணம் வடபழனி கோயிலில் நடந்தது, பிறகு ரெஜிஸ்டரும் செய்தோம்.

பாரிமுனை வக்கீலம்மா:
செல்வி, தாராளமாகக் கேட்கலாம். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 24 மனைவி, கணவன் இருவருக்கும் பொது. யாருக்குத் தன் பிழைப்புக்கும் வழக்குச் செலவுக்கும் போதுமான தனி வருமானம் இல்லையோ, அவர் மற்றவரிடம் கேட்கலாம். மனு போட்டது யார் என்பது பிரச்சினையே இல்லை. மாதாமாதச் செலவையும் வழக்குச் செலவையும் சேர்த்தே ஐ.ஏ. (நடக்கிற வழக்குக்குள் போடும் இடைக்கால மனு) போடலாம்.

முதலில் கல்யாண சர்டிபிகேட்டை எடுத்து, எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 'ரெஜிஸ்டர் செய்தோம்' என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. சிறப்புத் திருமணச் சட்டம் 1954 என்று இருந்தால், அதில் பிரிவு 36 மனைவிக்கு மட்டும்தான் இடைக்கால ஜீவனாம்சம் தருகிறது. இந்து திருமணச் சட்டத்தில் பதிவு என்றால் கவலை இல்லை. (நம் ஊர் சுயமரியாதைத் திருமணமும் பிரிவு 7ஏ வழியாக இதற்குள் வந்துவிடும்.) பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125, அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 144, அது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குத்தான். கணவன் அதில் கேட்க முடியாது.

அடுத்து, சட்டத்தில் இடம் இருப்பதாலேயே ஆர்டர் கிடைத்துவிடாது. உழைக்கத் தெம்புள்ள ஆண் வேலையை விட்டுவிட்டு மனைவி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கோர்ட் விடுவதில்லை. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுப் பிரிவு 24-இல் கேட்டபோது, தன்னைத் தானே முடக்கிக்கொண்டவருக்கு இது கிடையாது என்று மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் 2001-இல் சொன்னது. அதே சமயம், 2011-இல் டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு மனைவி கணவருக்கு மாதம் 20,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாய், கூடவே ஒரு காரும் தர வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்திருக்கிறது. உங்கள் தம்பி விஷயத்தில் உடம்பே ஒத்துழைக்கவில்லை. அதைக் காகிதத்தில் காட்டுங்கள்: டயாலிசிஸ் நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, அச்சகத்தில் வேலையை விட்டதற்கான கடிதம், மருந்து பில்.

2020-இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொன்னபடி, இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் அபிடவிட்டாகக் கொடுக்க வேண்டும். தம்பி பெயரில் எஃப்.டி., சீட்டுப் பணம், ஊரில் பங்கு நிலம், எது இருந்தாலும் எழுதிவிடுங்கள். ஒன்றை மறைத்து மாட்டிக்கொண்டால், உண்மையான நோயையும் கோர்ட் சந்தேகப்படும். தொகை பொதுவாக மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். இந்த மனுவின் நோட்டீஸ் எதிர்த் தரப்புக்குக் கிடைத்ததிலிருந்து 60 நாளில் இதைக் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் வாய்தா நீளும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஃபீஸுக்கு வழியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள்.

மடிப்பாக்கம் அம்மு:
நான் மனைவி பக்கத்தில் நின்றவள். என் வழக்கில் அவர் வருமானமே இல்லை என்று பிரிவு 24 போட்டார். பைக் டாக்ஸி ஓட்டி வந்த பணம் எல்லாம் அவர் அண்ணன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டியதும் மனு தள்ளுபடி. அதனால் இப்படிக் கேட்கும் ஆண்கள் மேலேயே எனக்குக் கோபம் இருந்தது. உங்கள் தம்பி கதை அது இல்லை. நோயாளியான மனைவிக்குக் கணவன் தர வேண்டும் என்று நாம் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம் இல்லையா, இதுவும் அப்படித்தான். ஒன்று மட்டும், அவளுக்கு வீட்டு லோன், ஸ்கூல் ஃபீஸ், அப்பா அம்மா செலவு இருக்கலாம். கோர்ட் அதையும் கழித்துத்தான் பார்க்கும். பெரிய தொகையாகப் போட்டு அவளைச் சண்டைக்கு இழுக்காதீர்கள்.

இன்னொன்று. அவள் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸில் தம்பி பெயர் இருக்கிறதா? இருந்தால், டைவர்ஸ் ஆகும்வரை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லி வக்கீல் மூலம் கேளுங்கள். அவளுக்குப் பெரிய பாரமாக இருக்காது, உங்களுக்கு அது பெரிய உதவி.

குரோம்பேட்டை ரவி:
எவ்வளவு கஷ்டம் என்றாலும் பொம்பளை காசு வேண்டாம் சார். அக்கா, நீங்கள்தான் இருக்கிறீர்களே.

பெரம்பூர் செல்வி:
ரவி, நான் தையல் தைத்துத்தான் இவனைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொய்டின் ஊசியை ஒரு மாதம் வெளியில் வாங்க வேண்டி வந்தால் எனக்கு வாடகை தள்ளிப்போகிறது. அவன் அச்சகத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தில் அந்தச் சம்பளத்தில்தான் அவள் எம்.சி.ஏ. முடித்தாள். அது அப்போது புருஷன் காசு, இது இப்போது பொம்பளை காசா? குடும்பக் காசு என்றுதான் நான் நினைக்கிறேன்.

வக்கீலம்மா, சர்டிபிகேட் பார்த்தேன். இந்து திருமணச் சட்டம் என்றுதான் போட்டிருக்கிறது. இன்சூரன்ஸில் அவன் பெயர் இருக்கிறது. எம்.சி.ஏ. விஷயத்தை மனுவில் சொல்லலாமா? தீர்ப்புக்கு அப்புறமும் தொடருமா?

பாரிமுனை வக்கீலம்மா:
சொல்லுங்கள், ஒரு பத்தி போதும். ஃபீஸ் கட்டிய ரசீதோ வங்கி ஸ்டேட்மென்டோ இருந்தால் சேருங்கள். பிரிவு 24 வழக்கு முடிவதோடு முடிந்துவிடும். அதன் பிறகு வேண்டுமென்றால் பிரிவு 25-இல் நிரந்தர ஜீவனாம்சம் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் கணவனுக்கு உண்டு. 2022-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, விவாகரத்து ஆன பிறகு கணவர் அந்தப் பிரிவில் போட்ட மனுவில், ஆசிரியையான மனைவி மாதம் 3,000 ரூபாய் இடைக்காலமாகத் தர வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது.

அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வாரம் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எந்தக் கையால் என்ன செய்யக் கூடாது என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே 'சிகிச்சையில் உள்ளார்' என்று வாங்கினால் எதிர்த் தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.